சின்ன காரில் லடாக், ஸ்பிட்டி: பனி, ஜல்லி, நீரோடை பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

கோவையிலிருந்து ஹேட்ச்பேக்கில் இமயமலைக்குப் போய் வருகிறவன் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிட்டது. மே மாதம் பிறந்தால் போன் வர ஆரம்பித்துவிடும். கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள், கேள்விகள் மட்டும் அதேதான். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, பதில்களை ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். ஆல்ட்டோ, குவிட், வேகன் ஆர், ஸ்விஃப்ட், டியாகோ மாதிரி முன் சக்கரம் இழுக்கும் வண்டிகளை மனதில் வைத்து எழுதியது. பெரிய எஸ்.யு.வி. வைத்திருப்பவர்களுக்கும் பாதி பொருந்தும்.

அண்ணா, என்கிட்ட பழைய ஆல்ட்டோ 800 தான் இருக்கு. லடாக் போய்ட்டு வந்துடுமா?

வந்துவிடும். சிம்லா, மணாலி டாக்சி ஸ்டாண்டுகளில் போய்ப் பாருங்கள், ஆல்ட்டோக்கள் வரிசையாக நிற்கும். கின்னோர், ஸ்பிட்டி பக்கம் ஊர்க்காரர்கள் மூட்டை முடிச்சோடு அதில்தான் போகிறார்கள். 'லார்ட் ஆல்ட்டோ' என்று இணையத்தில் பாதி கிண்டலாகவும் பாதி மரியாதையாகவும் சொல்வது சும்மா வந்த பெயர் இல்லை.

ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஏறுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிற்குமா, திரும்புமா என்று யாரும் கேட்பதில்லை. சின்ன வண்டி எடை குறைந்தது, எப்படியாவது ஏறிவிடும். பனி படிந்த இறக்கத்தில் நிறுத்தும்போதும் ஜல்லி வளைவில் திருப்பும்போதும்தான் வம்பு. அதைத் தீர்மானிப்பவை டயர், வண்டியில் ஏற்றியிருக்கும் பாரம், நீங்கள் கிளம்பிய நேரம். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த மூன்றைச் சுற்றித்தான் வரும்.

ஸ்பிட்டியா லடாக்கா, சின்ன வண்டிக்கு எது லேசு?

லே வரைக்கும் என்றால் லடாக்தான். உயரம் அதிகம் என்பதால் பலர் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள். மணாலி–லே பாதையில் பெரும்பகுதி இப்போது தார் ரோடு. 2020 அக்டோபரில் 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, ரோதாங் கணவாய்ச் சேற்றில் ஏறி இறங்க வேண்டிய வேலையும் போய்விட்டது. ஸ்ரீநகர் வழியாகப் போனால் சோஜி லா ('லா' என்றால் கணவாய்) ஒன்றுதான் முரடு. மழை பெய்தால் அங்கே சேறு, பெய்யாவிட்டால் புழுதி.

ஸ்பிட்டிக்கு மணாலி பக்கமாகப் போகிறவர்கள் கிராம்ஃபூவில் பிரிந்து சத்ரூ, பாதல் தாண்டி, 4,500 மீட்டருக்கு மேல் இருக்கும் குன்ஜும் லா ஏற வேண்டும். அந்தத் துண்டில் பல இடங்களில் ரோடு எது, ஆற்றுப்படுகை எது என்றே தெரியாது. உருண்டைக் கற்கள், குறுக்கே ஓடும் ஓடைகள், நடுநடுவே ரோடு அகலப்படுத்தும் வேலை. முதல் தடவை போகிறவர்கள் சிம்லா, ராம்பூர், நாக்கோ, தாபோ வழியாக ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசா போய் அதே வழியில் திரும்புங்கள். தூரம் கூடுதல்தான். ஆனால் உயரம் மெல்ல மெல்லக் கூடுவதால் உடம்பும் பழகும், வண்டியும் அடிபடாது.

கிரவுண்ட் கிளியரன்ஸ் 160 எம்.எம். தான். பத்துமா? ஸ்பிரிங்ல ரப்பர் வச்சு தூக்கிடலாமா?

ஆல்ட்டோ 800-க்கு 160, இக்னிஸுக்கு 180, குவிடுக்கு 184 என்று விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் காலி வண்டியின் கணக்கு. நாலு பேர் ஏறி, டிக்கியை நிரப்பி, மேலே கேரியரும் கட்டினால் பின்பக்கம் சில சென்டிமீட்டர் இறங்கிவிடும். ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு போகும் குவிடுக்கும், இரண்டு பேர் போகும் ஆல்ட்டோவுக்கும் அடியில் இருக்கும் இடைவெளி அப்போது ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. எனவே முதலில் பாரத்தைக் குறையுங்கள். மோசமான இடம் வந்தால் ஆட்களை இறக்கி நடக்கவிடுங்கள். அங்கத்திய டாக்சிக்காரர்கள் இதற்கெல்லாம் பயணிகளிடம் அனுமதி கேட்பதே இல்லை, "உதரோ, உதரோ" என்று இறக்கிவிடுவார்கள்.

இன்னொன்று, நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை விட வேண்டும். ரோட்டில் கல் கிடந்தால் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டுப் போவோம். அங்கே அது வேண்டாம். உருளாத, கூர்மையில்லாத கல்லாக இருந்தால் டயரை அதன் மேலேயே மெதுவாக ஏற்றுங்கள், வண்டியும் கூடவே உயரும். நடுவில் விட்ட கல், இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் ஆயில் சம்ப்பில் நேராகப் போய் இடிக்கும். சம்ப்புக்கு அடியில் இரும்புத் தகடு போட்டுக்கொள்வது நல்லது. ரப்பர் வைத்துத் தூக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சக்கரம் கீழே இறங்கி மேடு பள்ளத்தைத் தொடர வேண்டிய இடத்தில் தொடராமல் துள்ளும், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணமும் மாறும்.

மேல போகப் போக இன்ஜின் இழுக்காதாமே? நடு ரோட்ல நின்னுடுமா?

இழுவை குறையும், ஆனால் நிற்காது. மணாலி–லே பாதையின் உச்சி தங்லாங் லா, 5,328 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினின் சக்தியும் ஏறக்குறைய அதே விகிதத்தில் இறங்கும். 48 குதிரைத் திறன் கொண்ட ஆல்ட்டோ 800 அங்கே வேகமான ஒரு 200 சிசி பைக்கின் சக்தியில் நாலு பேரை இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் காலத்தில் பெட்ரோல் அதிகமாகிக் கரும்புகை விட்டு இருமும். இப்போதுள்ள வண்டிகளில் கம்ப்யூட்டரே பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது ஏ.சி.யை அணைப்பது, கியரை நேரத்தோடு இறக்குவது, இன்ஜினைச் சுற்றவிடுவது. நம் ஊரில் மூன்றாவது கியரில் ஏறும் மேட்டை அங்கே முதல் கியரில் ஏற வேண்டிவரும். வண்டி அலறும், அலறட்டும். கார்துங் லாவில் 18,380 அடி என்று போட்ட போர்டைப் பார்த்து மலைத்துவிட வேண்டாம், பிற்காலத்தில் அளந்தபோது 5,359 மீட்டர்தான் வந்தது, அதாவது சுமார் 17,580 அடி.

முன் சக்கர டிரைவ் பனியில சுத்த வேஸ்ட்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. சின்ன காரில் இன்ஜினும் கியர்பாக்ஸும் முன் சக்கரங்களுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. இழுக்கிற சக்கரத்தின் மேல் எடை இருப்பதால் சமதளத்திலும் லேசான மேட்டிலும் நன்றாகவே பிடிக்கும். 1964-இல் மாண்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க் ஓட்டிய மினி கூப்பர் எஸ் ஜெயித்தது இந்த அமைப்பில்தான். அதன் சக்கரம் வெறும் 10 அங்குலம். இரண்டாவதாக வந்தது 4.7 லிட்டர் வி8 இன்ஜின் கொண்ட ஃபோர்டு ஃபால்கன். இன்ஜின் அளவுக்கேற்ற சலுகைக் கணக்கு அந்தப் போட்டியில் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பனி மூடிய மலை வளைவுகளில் அந்தப் பொடி வண்டி பெரிய வண்டிகளை வெறுப்பேற்றியது நிஜம்.

மீதிப் பாதி செங்குத்தான மேட்டில் தெரியும். மூக்கு மேலே தூக்கும்போது எடை பின்னால் சாய்கிறது, முன் சக்கரம் லேசாகி வெறுமனே சுற்றும். டிக்கியில் பாரம் ஏற்றினால் இன்னும் மோசம், கனமான சாமான்களைப் பின் சீட்டின் காலடியில் வையுங்கள். குட்டையான வழுக்கு மேடு, பின்னால் வண்டி எதுவும் இல்லை என்றால் ரிவர்ஸில் ஏறிப் பாருங்கள். எடை இழுக்கும் சக்கரத்தின் பக்கம் சாயும். பழைய தந்திரம்தான், வேலை செய்யும். கொண்டை ஊசி வளைவில் மட்டும் இதை முயலாதீர்கள்.

அப்புறம் ஒரு சந்தோஷமான விஷயம். ஆல்ட்டோவின் 145 அகல ஒல்லி டயர், புதுப்பனி இரண்டு மூன்று அங்குலம் விழுந்திருந்தால் அதை அறுத்துக்கொண்டு அடியில் இருக்கும் தரையைப் பிடிக்கும். அகல டயர் மேலேயே மிதக்கும். பந்தாவுக்காக அகல டயர் மாற்றியவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பனியில பிரேக் அடிச்சா என்ன ஆகும்? மெதுவாத்தானே போறோம்?

40 கி.மீ. வேகம் நமக்கு மெதுவாகத் தெரியும். காய்ந்த தார் ரோட்டில் அந்த வேகத்தில் பிரேக் பிடித்தால் சுமார் 9 மீட்டரில் வண்டி நிற்கும். அழுந்திய பனியில் 30 மீட்டர் ஆகும். பனிக்கட்டி என்றால் 60 மீட்டர், அதற்கு மேலும் போகலாம். பிடிமானக் கணக்கை வைத்துப் போட்ட தோராய எண்கள் இவை. உங்கள் கால் பிரேக்குக்குப் போகும் நேரத்தையே இதில் சேர்க்கவில்லை, இறக்கத்தையும் சேர்க்கவில்லை. வேகத்தைப் பாதியாக்கினால் தூரம் கால்வாசியாகும். அதனால் பனியில் 20-ஐத் தாண்டாதீர்கள் என்று நான் சொல்வது பயமுறுத்த அல்ல.

பிரேக், ஸ்டியரிங், ஆக்சிலரேட்டர் மூன்றில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை எடுத்துவிட்டுத் திருப்புங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே போகிறதென்றால் முன் டயர் பிடியை இழந்துவிட்டது. எல்லோரும் இன்னும் திருப்புவார்கள். அப்போது ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கினால்தான் டயர் மறுபடி பிடிக்கும். கை இதற்குச் சம்மதிக்காது. வீட்டுப் பக்கத்தில் ஏதாவது காலி மண் மைதானத்தில் 20 கி.மீ. வேகத்தில் பழகிக்கொண்டு போங்கள்.

ஏ.பி.எஸ். இருக்கே, அது பாத்துக்காதா?

2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார் என்றால் ஏ.பி.எஸ். கட்டாயம் இருக்கும். அது செய்வது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது, அதனால் பிரேக் அடித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்ப முடியும். நிற்கும் தூரத்தை அது குறைக்கும் என்று நம்பாதீர்கள். தளர்ந்த ஜல்லியிலும் புதுப்பனியிலும் தூரம் கூடத்தான் செய்யும். பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் ஜல்லியைக் குவித்து அதில் முட்டி நிற்கும், ஏ.பி.எஸ். சக்கரத்தை உருளவிடுவதால் அந்தக் குவியல் சேராது.

பெடல் காலடியில் கடகடவென்று அதிர்ந்தால் பயந்து காலை எடுக்காதீர்கள். அதன் வேலையே அதுதான்.

ஸ்நோ டயர் வாங்கணுமா? நம்ம ஊர் டயரே போதாதா?

ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் போகிறீர்கள் என்றால் ஆழமான பள்ளம் உள்ள நல்ல டயர் போதும். பள்ளம் தேய்ந்த டயரோடு மட்டும் கிளம்பாதீர்கள். அந்த மாதங்களில் பாராலாச்சா லா மாதிரி இடங்களில் இரண்டு பக்கமும் பனிச் சுவர் இருந்தாலும், நடுவில் ரோடு பெரும்பாலும் ஈரத் தார்தான்.

டிசம்பர், ஜனவரியில் ஸ்பிட்டி பார்க்கப் போகிறேன் என்பவர்களுக்கு என் பதில் வேறு. சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கிறது. பனிக்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மிருதுவாக இருக்கும், மேல்பரப்பில் கத்தியால் கீறியது போல நுண்ணிய வெட்டுகள் ஏராளமாக இருக்கும். பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனிப்பூவும் போட்ட அடையாளம் இருந்தால்தான் அது பனிக்காகச் சோதித்த டயர். எம்+எஸ் (சேறு, பனி) என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. 12, 13 அங்குல அளவில் அந்த டயர் நம் நாட்டுக் கடைகளில் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைக்காவிட்டால் குளிர்காலத்தில் உள்ளூர் டிரைவரின் வண்டியில் போவதுதான் புத்திசாலித்தனம்.

செயின் மாட்டினா எந்த சக்கரத்துக்கு? நாலுக்கும் வேணுமா?

இழுக்கிற சக்கரத்துக்கு, அதாவது நம் வண்டிகளில் முன் இரண்டுக்கும். பின்னால் மாட்டினால் ஒரு புண்ணியமும் இல்லை. மாருதி ஈகோ மாதிரி பின் சக்கரம் இழுக்கும் வண்டி என்றால்தான் பின்னால்.

உங்கள் டயர் அளவுக்குச் சரியானதை ஊரிலேயே வாங்கி, வீட்டு வாசலில் மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். கை விறைத்துப்போன பிறகு அந்தக் கொக்கியை மாட்டுவது தனி வேதனை, ரப்பர் கையுறையும் ஒரு பழைய சாக்கும் கூட வைத்துக்கொள்ளுங்கள். பனி முடிந்து தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும். மாட்டியிருக்கும்வரை 30, மிஞ்சிப்போனால் 40. செயின் முன்னால் மட்டும் இருப்பதால் முன்பக்கம் நிற்கும், பின்பக்கம் சறுக்கிக்கொண்டு வரும். இறக்கத்தில் இது முக்கியம். பனி விழும் நாட்களில் மணாலிக்கு மேலே ஃபோர் வீல் டிரைவ் இல்லாத வண்டியைச் செயின் இல்லாமல் போலீஸ் திருப்பி அனுப்புவதும் உண்டு.

பனியே இல்லாத ரோட்ல வண்டி வழுக்கிடுச்சுன்னு பிரெண்ட் சொல்றான். அது எப்படி?

கரும்பனி. மலைச்சுவரிலிருந்து கசியும் நீர் பகலில் ரோட்டின் குறுக்கே ஓடி, இரவில் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும். அடியில் இருக்கும் தார் தெரிவதால் ஈர ரோடு என்றே தோன்றும். வெயில் படாத வடக்குப் பக்க வளைவு, பாலம், ஓடையை ஒட்டிய திருப்பம், இந்த மூன்று இடங்களில் சந்தேகப்படுங்கள். முன்னால் போகும் வண்டியின் டயரிலிருந்து நீர்த் திவலை தெறிக்கிறதா என்று பாருங்கள். ஈரமாகத் தெரிந்தும் தெறிக்கவில்லை என்றால் அது தண்ணீர் இல்லை.

கரும்பனி மேல் வண்டி ஏறிவிட்டால் பிரேக்கைத் தொடாதீர்கள், ஸ்டியரிங்கையும் அசைக்காதீர்கள். பெரும்பாலும் அது சில மீட்டர் நீளம்தான், வந்த வேகத்தில் உருண்டு கடந்துவிடலாம்.

ஒருத்தர் விடியற்காலை அஞ்சு மணிக்கே கிளம்புங்கறார், இன்னொருத்தர் பத்து மணிக்கு முன்னாடி எடுக்காதேங்கறார். யாரை நம்புறது?

இரண்டு பேரும் சரி, சொல்லும் மாதம்தான் வேறு. கோடையில் ஓடைகளுக்குத் தண்ணீர் மேலே உருகும் பனியிலிருந்து வருகிறது. இரவில் உருகுவது குறையும், அதனால் விடியற்காலையில் ஓடை வடிந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பெருகி, மதியம் மூன்று மணிக்கு அதே ஓடை வேறு முகம் காட்டும். ஜூலையில் சத்ரூ, பாதல் பக்கம் போகிறவர் ஐந்து மணிக்குக் கிளம்பத்தான் வேண்டும்.

அக்டோபர் கடைசியிலிருந்து கதை மாறும். ஓடையில் தண்ணீரே குறைவு, அதே விடியற்காலையில் முந்தைய பதிலில் சொன்ன கரும்பனி இருக்கும். வெயில் ரோட்டில் விழுந்து இளகும்வரை டீ குடித்துக்கொண்டு உட்காருங்கள். நாலு மணிக்கெல்லாம் ஊர் சேர்ந்துவிடுங்கள்.

தம்பி, ஓடையைக் கார்ல கடக்கணும்னு வீடியோல பாத்தேன். என் பையன் வேகமா அடிச்சு ஏத்திடுவேங்கறான். சரியா?

கண்டிப்பாக வேண்டாம் சார். வேகமாகப் போனால் தண்ணீர் பானெட்டுக்கு மேல் எழும்பி, காற்று உறிஞ்சும் குழாய் வழியாக இன்ஜினுக்குள் போகும். பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அடியில் கல் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது.

சத்ரூ தாண்டி ஓர் ஓடையில் உள்ளூர் டாக்சிக்காரர் ஒருவர் கடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு லாரி கடக்கும்வரை காத்திருந்தார். லாரியின் சக்கரத்தில் தண்ணீர் எதுவரை வருகிறது, எங்கே குலுங்குகிறது என்று பார்த்துக்கொண்டார். பயணிகளை இறக்கிக் கல் தாவி நடக்கவிட்டார். ஜன்னலை இறக்கிவிட்டு, முதல் கியர், ஒரே சீரான சத்தம், நடை வேகம். நடுவில் ஒரு கல்லில் முன்சக்கரம் தயங்கியபோதும் கிளட்சைத் தொடவில்லை, ஆக்சிலரேட்டரை ஒரு இழை கூட்டினார், அவ்வளவுதான். அக்கரை ஏறியதும் பத்தடி தள்ளி இரண்டு மூன்று முறை பிரேக்கை மிதித்து ஈரத்தைப் போக்கிவிட்டுத்தான் ஆட்களை ஏற்றினார்.

ஆழத்துக்கு என் கணக்கு சக்கரத்தின் நடுப்பகுதி. ஆல்ட்டோவில் அது தரையிலிருந்து சுமார் 26 சென்டிமீட்டர், கெண்டைக்கால் உயரம். வேகமாக ஓடும் தண்ணீர் 30 சென்டிமீட்டர் இருந்தாலே சின்ன காரைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். நடு ஓடையில் இன்ஜின் அணைந்தால் மறுபடி சாவியைத் திருப்பக் கூடாது. கயிறு கட்டி இழுத்து வெளியே கொண்டுவந்து, ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்து ஈரமில்லை என்று தெரிந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

டயர்ல காத்து எவ்வளவு வைக்கணும்? மேல போனா தானா ஏறும்னு சொல்றாங்க, உண்மையா?

உண்மை. வெளியே காற்றழுத்தம் குறையும்போது மீட்டரில் தெரியும் எண் கூடும். மணாலியில் 30 பி.எஸ்.ஐ. வைத்த டயர், வெப்பநிலை மாறாமல் இருந்தால், தங்லாங் லாவில் சுமார் 34 காட்டும். குளிர் அதைத் திரும்ப இறக்கும், பத்து டிகிரிக்கு ஒன்றரை பி.எஸ்.ஐ. என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஆக விடியற்காலையில் சரியாக இருக்கும், மதிய வெயிலில் கல் மாதிரி ஆகிவிடும்.

தளர்ந்த ஜல்லி, மணல் பகுதியில் நிறுவனம் சொன்ன அளவைவிட மூன்று நாலு குறைத்தால் பிடிமானமும் கூடும், குலுக்கலும் குறையும். கூர்மையான பாறைகள் உள்ள இடத்தில் அதற்கு மேல் குறைக்காதீர்கள், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டயர் நசுங்கிப் பக்கவாட்டில் கிழிந்துவிடும். பக்கவாட்டுக் கிழிசலுக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது. சிகரெட் லைட்டரில் செருகும் காற்றடிக்கும் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஜல்லி ரோட்ல 40-ல போனாலே வண்டி ஆடுது. அலைன்மென்ட் போயிடுச்சா?

பெரும்பாலும் இல்லை. ஜல்லி என்பது உருளைக் குண்டுகள், டயர் அதன்மேல் மிதந்து கொஞ்சம் கொஞ்சம் நகரத்தான் செய்யும். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாகப் பிடியுங்கள், தானே நேராகும். லாரிகள் அழுத்திவைத்த தடத்தில் போங்கள், ஆனால் தடத்தின் நடுமேடு அடியில் தட்டும் அளவுக்கு இருந்தால் ஒரு சக்கரத்தை மேட்டின் மேல் வைத்து ஓட்டுங்கள். பள்ளத்தாக்குப் பக்க ஓரத்தில் மட்டும் ஒதுங்காதீர்கள், அது கொட்டிவைத்த மண், எடை தாங்காமல் சரியும். எதிரே ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பது சட்டம், அதை மதியுங்கள்.

கிளட்ச் கருகுற வாசனை வருது. என்ன பண்ண?

நிறுத்திவிட்டு அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மேலே இன்ஜின் சக்தி பாதியாகிவிட்டது என்று சொன்னேன் அல்லவா, அதை ஈடுகட்ட எல்லோரும் அரை கிளட்சில் வண்டியைத் தூக்கப் பார்ப்பார்கள். அங்கேதான் தேய்கிறது. மேட்டில் கிளம்ப ஹேண்ட்பிரேக்கைப் பயன்படுத்துங்கள், நகர்ந்ததும் கிளட்சிலிருந்து காலை முழுதாக எடுத்துவிடுங்கள். பழைய வண்டி என்றால் கிளம்பும் முன் கிளட்ச் பிளேட்டைப் பார்த்துவிடுவது மலிவு.

என்னுது ஏ.எம்.டி. வண்டி. பிரச்சினை வருமா?

வராது. ஏ.எம்.டி. என்றால் கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் வண்டி, அதைக் கைமுறை மோடில் ஓட்டுங்கள். தானாக விட்டால் நடு மேட்டில் இரண்டாவது கியருக்குத் தாவி மூச்சு வாங்கும், மாறும் அந்த நொடியில் இழுவை அறுந்து வழுக்கும். மேட்டில் ஆக்சிலரேட்டரை மட்டும் மிதித்து வண்டியை அப்படியே நிறுத்தி வைக்காதீர்கள், முந்தைய பதிலில் சொன்ன அதே வாசனை வரும்.

கல் அடிச்சு ஆயில் ஒழுகினா அங்க மெக்கானிக் கிடைப்பாரா?

ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணையுங்கள். இன்னும் ஒரு கிலோமீட்டர் என்று ஓட்டினால் போவது இன்ஜின். கேலாங்கில், காசாவில் மெக்கானிக் உண்டு, இடையில் லாரி டிரைவர்கள்தான் மெக்கானிக். சம்ப்பில் விரிசல் சின்னது என்றால் ஆயிலைத் துடைத்துக் காயவைத்து எம்-சீல் பிசைந்து அடைக்கலாம், பெட்ரோல் டேங்க் கசிவுக்குக் குளியல் சோப்பைத் தேய்த்து அடைப்பார்கள். இரண்டும் அடுத்த ஊர் வரைக்கும்தான். ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில் கூட இருக்கட்டும். பெட்ரோல் பங்க்கும் அப்படித்தான், அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று மணாலி–லே பாதையில் தாந்தியில் உள்ள போர்டு பிரபலம். அங்கே டேங்க்கை நிரப்பாமல் நகராதீர்கள்.

ராத்திரி மைனஸ்ல போகும்னா காலைல ஸ்டார்ட் ஆகுமா? டீசல் உறைஞ்சிடுமா?

பெட்ரோல் உறையாது. சாதாரண டீசலில் உள்ள மெழுகு கடுங்குளிரில் கட்டிதட்டி ஃபில்டரை அடைக்கும். அதற்காகத்தான் இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை லடாக்கில் கொண்டுவந்தது. கோடையில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

நம் ஊரிலிருந்து வரும் வண்டிகளில் நான் பயப்படுவது ரேடியேட்டருக்குத்தான். கூலண்ட் குறைந்தபோதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி, கடைசியில் உள்ளே வெறும் தண்ணீர்தான் இருக்கும். அது உறைந்தால் விரிந்து இன்ஜின் பிளாக்கையே பிளக்கும். முழுதும் இறக்கிவிட்டு, கூலண்டும் சுத்திகரித்த நீரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். பேட்டரி மூன்று வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். இரவில் ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வையுங்கள், ஈரமான பிரேக் உறைந்து ஒட்டிக்கொள்ளும். வைப்பரையும் தூக்கி நிறுத்திவிடுங்கள்.

பனியில சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு, நகரல. அப்போ?

ஆக்சிலரேட்டரை விடுங்கள். சுற்றச் சுற்ற அடியில் பனி உருகி மறுபடி உறைந்து கண்ணாடியாகும். சக்கரத்தை நேராக்கி, முன்னால் உள்ள பனியைக் கையாலோ தட்டாலோ அள்ளிவிட்டு, வண்டிக்குள் காலடியில் விரித்திருக்கும் மேட்டை (விரிப்பை) ரப்பர் பக்கம் மேலே இருக்கும்படி சக்கரத்துக்கு அடியில் செருகுங்கள். மண், சாம்பல் எது கிடைத்தாலும் தூவலாம். இரண்டாவது கியரில், ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் கிளப்புங்கள். சக்கரம் வழுக்காமல் கட்டுப்படுத்தும் வசதி (டிராக்ஷன் கண்ட்ரோல்) வண்டியில் இருந்தால் அந்த நேரத்துக்கு மட்டும் அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் அது சக்தியை வெட்டிக்கொண்டே இருக்கும்.

வண்டியின் வயிறு பனியில் உட்கார்ந்துவிட்டது என்றால் இதெல்லாம் பலிக்காது, மண்வெட்டிதான். பனி ஆழம் கிரவுண்ட் கிளியரன்ஸை எட்டினால் அதற்கு மேல் போகாமல் திரும்பிவிடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இவ்வளவு தொல்லைக்குப் பேசாம ஜிம்னி வாங்கிடலாமா?

பணம் இருந்தால் தாராளமாக. மாருதியின் ஜிம்னியும் சின்ன வண்டிதான், 210 எம்.எம். கிரவுண்ட் கிளியரன்ஸ், நாலு சக்கர இழுவை, மெதுவாக அதிக இழுவையோடு போக லோ ரேஞ்ச் கியர் எல்லாம் இருக்கின்றன. கிராம்ஃபூ–பாதல் துண்டில் நிம்மதியாகப் போவீர்கள். ஆனால் பிரேக் கேள்வியில் போட்ட 9, 30, 60 மீட்டர் கணக்கு ஜிம்னிக்கும் அதேதான். நாலு சக்கரமும் இழுப்பது கிளம்புவதற்கு உதவும். நிறுத்த எல்லா வண்டியிலும் நாலு சக்கரமும் ஏற்கெனவே வேலை செய்கின்றன. பனியில் கவிழ்ந்து கிடக்கும் வண்டிகளில் ஃபோர் வீல் டிரைவும் இருப்பது அதனால்தான்.

ஓடையில இன்ஜின் போயிட்டா இன்சூரன்ஸ் கொடுக்குமா?

சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் தண்ணீர் புகுந்து இன்ஜின் போனதற்குப் பொதுவாகக் கிடைக்காது. 'இன்ஜின் புரொடெக்ட்' என்று தனியாக ஒன்று சேர்க்க வேண்டும், கிளம்பும் முன்பே. அதைச் சேர்த்திருந்தாலும், தண்ணீர் புகுந்தது தெரிந்தும் சாவியைத் திருப்பினீர்கள் என்றால் இழுபறிதான். பாலிசித் தாளில் விலக்குகள் என்ற பகுதியை ஒரு தடவை படித்துவிட்டு வண்டியை எடுங்கள்.